சட்டை எண் – 9: இருபத்தோரு எழுத்து

ராபர்ட்டோ கிளமென்ட்டே வாக்கர். தமிழில் எழுதி எண்ணினால் பதினைந்து எழுத்துதான் தேறும். அவருடைய ஊரில் எழுதுகிறபடி எண்ணினால் முதல் சொல்லில் ஏழு, அடுத்ததில் எட்டு, கடைசியில் ஆறு. மொத்தம் இருபத்தொன்று.

1955-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்கு விளையாட வந்தபோது இருபது வயது கிளமென்ட்டேயின் முதுகில் 13 என்ற எண் இருந்தது. கொஞ்ச நாளில் 21-க்கு மாறினார். தன் பெயரின் எழுத்துகளை எண்ணித்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பது இன்றுவரை சொல்லப்பட்டுவரும் கதை. சென்ற வாரம் ஜாக்கி ராபின்சனின் 42-ஐப் பார்த்தோம். அது கிளப் கொடுத்த எண், ராபின்சன் போட்ட பிறகுதான் அதற்கு அர்த்தம் வந்தது. 21 அப்படியில்லை. அது எண் உருவில் இருக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வைப்பதற்குத்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் பாடுபட வேண்டியிருந்தது.

அவர் பிறந்த புவேர்ட்டோ ரிக்கோவில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. தன் பெயருக்கு அடுத்து அப்பா வழிப் பெயர், அதற்கடுத்து அம்மா வழிப் பெயர். அப்பா மெல்ச்சோர் கிளமென்ட்டே, கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. அம்மா லூயிசா வாக்கர். அமெரிக்காவில் இந்த வரிசை யாருக்கும் பிடிபடவில்லை. பாஸ்போர்ட் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு திகைத்து உட்கார்ந்து, கடைசியில் அப்பா பெயரை எழுதிவிட்டு, பிறகு வெளிநாட்டில் எல்லோரும் தன்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடக் கேட்ட தமிழர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

அவர் விஷயத்தில் அது வெறும் சங்கடமாக நிற்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ‘ராபர்ட்டோ’ வாயில் நுழையவில்லையோ, நுழைய விடவில்லையோ, ‘பாப்’ ஆக்கிவிட்டார்கள். அந்நாளில் சூயிங்கம் பொட்டலத்தோடு வரும் விளையாட்டு வீரர் அட்டைகளைச் சிறுவர்கள் சேர்த்து வைப்பார்கள். அவற்றை அச்சிட்ட டாப்ஸ் நிறுவனம் 1957 தொடங்கி 1969 வரை ‘பாப் கிளமென்ட்டே’ என்றே போட்டது. என் பெயர் ராபர்ட்டோ என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார், அட்டை வந்துகொண்டே இருந்தது.

1961 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், வில்லி மேஸை ஹோம் பேஸ் சேர்த்து ஆட்டத்தை வென்று கொடுத்தது கிளமென்ட்டேயின் அடி. மறுநாள் பத்திரிகைகளில் அவர் பேட்டி வந்தது. எப்படி? ஸ்பானிய உச்சரிப்போடு அவர் பேசிய ஆங்கிலத்தை, எழுத்துப் பிழைகளாக மாற்றி, படிப்பவர் சிரிக்கும்படி அச்சடித்திருந்தார்கள். ஆட்டத்தை வென்றவனை மறுநாள் காலை கோமாளியாக்குவது என்றால் இதுதான். அவரைப் பேட்டியெடுத்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வாக்கியம் ஸ்பானியத்தில் பேசத் தெரிந்திருக்கும்?

1960-ல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றது. ஏழு ஆட்டங்களிலும் கிளமென்ட்டே ஹிட் அடித்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் யார் என்று பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டபோது முதல் இரண்டு இடமும் அவருடைய அணித் தோழர்களுக்கே போயின. டிக் க்ரோட் முதலிடம், டான் ஹோக் இரண்டாமிடம். கிளமென்ட்டே எட்டாவது. பரிசு கிடைக்காததைவிட அந்த எட்டாமிடம்தான் அவரைச் சுட்டது. அந்த வெற்றிக்காகக் கொடுத்த மோதிரத்தை அவர் அணியவே இல்லை என்பார்கள். பெருமைக்காரர், சட்டென்று முகம் சுளிப்பவர், உடம்பு வலியைப் பற்றி ஓயாமல் புலம்புபவர் என்ற பேரும் அவருக்கு உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பயிற்சிக்காக ஃப்ளோரிடா போகும்போது வெள்ளை வீரர்கள் ஓட்டலுக்குள் சாப்பிட, கறுப்பு வீரர்கள் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டிய காலத்தில் ஆடவந்த மனிதர் எப்போதும் சிரித்த முகமாக இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

விருதுகள் வராமலும் இல்லை. நான்கு முறை லீகின் முதல் பேட்ஸ்மேன். 1966-ல் மிகச் சிறந்த வீரர். ரைட் ஃபீல்டில் நின்று அவர் எறிந்த எறிகளுக்காகப் பன்னிரண்டு கோல்ட் க்ளவ். அவுட்ஃபீல்டர்களில் அவரோடு சமமாக நிற்பவர் வில்லி மேஸ் ஒருவர்தான். 1971 உலகத் தொடரிலும் ஏழு ஆட்டங்களிலும் ஹிட். தொடரின் நாயகன் அவரே. வெற்றி பெற்ற அணியின் உடை மாற்றும் அறையில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி மைக்கை நீட்டியபோது, முதலில் என் அப்பா அம்மாவுக்கு ஸ்பானியத்தில் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டு, சொந்த மொழியில் அவர்களுடைய ஆசியை வேண்டினார். பத்து வருடம் முன்பு எந்த உச்சரிப்பைக் கேலி செய்தார்களோ அதன் தாய்மொழி அன்று அமெரிக்க வரவேற்பறைகளில் ஒலித்தது. அவர் வாங்கிய கோப்பைகளைவிட இந்தச் சில விநாடிகள் பெரியவை என்பேன்.

இனி 3,000. பந்தை அடித்து, எதிரணியின் பிழையால் அல்லாமல், தானே ஒரு பேஸைப் பத்திரமாகச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். அப்படி மூவாயிரம் சேர்த்தவர்கள் அவருக்கு முன் பத்தே பேர். 1972 செப்டம்பர் 29 அன்று 2,999-ல் நின்றவர், பிட்ஸ்பர்க் மைதானத்தில் நியூயார்க் மெட்ஸின் டாம் சீவர் வீசிய பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஆட்டக் கணக்கு எழுதுபவரோ அதைத் தடுப்பாளரின் பிழை என்று குறித்தார். மறுநாள் ஜான் மாட்லாக்கின் பந்தில் டபுள் அடித்தார். இரண்டாவது பேஸில் நின்றவரிடம் அம்பயர் டக் ஹார்வி அந்தப் பந்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் அன்று வந்திருந்தவர்கள் பதின்மூவாயிரம் சொச்சம் பேர். சீசன் முடிய இன்னும் சில ஆட்டங்கள் இருந்தும் அவர் அதற்குப் பிறகு பேட்டைத் தொடவில்லை. பிளே-ஆஃப் ஆட்டங்களுக்காக உடம்பைக் காத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 3,001 வரத்தானே போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 23 அன்று நிகரகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தில் சரிந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் புவேர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணியின் மேலாளராக அவர் அந்நாட்டுக்குப் போய்வந்திருந்தார். தெரிந்த முகங்கள் இருந்த ஊர். புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நின்று மருந்தும் உணவும் திரட்டி விமானங்களில் அனுப்பினார். அனுப்பியது மக்களுக்குப் போய்ச் சேரவில்லை, அந்நாட்டுச் சர்வாதிகாரி சோமோசாவின் காவல் படை நடுவிலேயே எடுத்துக்கொள்கிறது என்று செய்தி வந்தது. நான் நேரில் நின்றால் திருட மாட்டார்கள் என்று நம்பினார். டிசம்பர் 31 இரவு, பழுதுபார்க்கப்பட்ட ஒரு பழைய டிசி-7 சரக்கு விமானத்தில் ஏறினார். தாங்கும் அளவைவிட ஏறத்தாழ 1,900 கிலோ கூடுதல் சுமை. கிளம்பிய சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. உள்ளே ஐந்து பேர். கிளமென்ட்டேக்கு வயது 38. உடல் கிடைக்கவே இல்லை. அணித் தோழர்கள் எல்லோரும் பிரார்த்தனைக்குக் கோயிலில் கூடியபோது கேட்சர் மேனி சங்கியேன் மட்டும் வரவில்லை. அவர் கடலில் குதித்துத் தேடிக்கொண்டிருந்தார். கிளமென்ட்டேக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலிகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பிறகு கௌரவங்கள் வரிசை கட்டின. கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற, ஒருவர் ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். அந்த விதியை ஒதுக்கிவிட்டுத் தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். லூ கெரிக்குக்கு 1939-ல் இப்படி வழிவிட்டதைத் தவிர வேறு முன்னுதாரணம் இல்லை. அவர் இறந்து எண்பது நாள் ஆவதற்குள், 1973 மார்ச் 20 அன்று முடிவு வந்தது. 424 வாக்குகளில் 393 ஆதரவு, 29 எதிர்ப்பு, இரண்டு பேர் நடுநிலை. அந்த 29 பேரைத் திட்டி எழுதுவது சுலபம். பலர் ஆளை எதிர்க்கவில்லை, விதியை வளைப்பதைத்தான் எதிர்த்தார்கள். அவர்கள் கேள்விக்கும் பதில் கிடைத்தது. இறந்தவர்களுக்கு ஐந்து வருடக் காத்திருப்பு வேண்டாம், ஆறு மாதம் போதும் என்று விதியே மாறியது. லத்தீன் அமெரிக்காவில், கரீபியனில் பிறந்த வீரர்களில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவர். ஆகஸ்ட் 6 அன்று மனைவி வேரா மேடையேறிப் பெற்றுக்கொண்டார்.

வெண்கலப் பட்டயத்தில் என்ன பொறித்திருந்தார்கள் தெரியுமா? ‘ராபர்ட்டோ வாக்கர் கிளமென்ட்டே’. அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்து அமெரிக்கர்களின் நடுப்பெயர்போல இடையில் செருகிவிட்டார்கள்.

ஜனாதிபதி குடிமக்கள் பதக்கம், நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம், முப்பது வருடம் கழித்து 2003-ல் சுதந்திரப் பதக்கம், இரண்டு அஞ்சல் தலை என்று பட்டியல் நீளும், அதை விட்டுவிடலாம். பெயர் மாறிய ஒரு விருதைச் சொல்ல வேண்டும். ஆடுகளத்திலும் வெளியிலும் நல்ல மனிதராக விளங்கும் வீரருக்கு என்று 1971-ல் ‘கமிஷனர் விருது’ தொடங்கியிருந்தார்கள். முதல் ஆண்டு வில்லி மேஸ், அடுத்த ஆண்டு ப்ரூக்ஸ் ராபின்சன். கிளமென்ட்டே உயிரோடு இருந்த அந்த இரண்டு முறையும் அது அவருக்கு வரவில்லை. 1973-ல் அந்த விருதே ‘ராபர்ட்டோ கிளமென்ட்டே விருது’ ஆனது. இன்று ஒவ்வோர் அணியும் தன் பங்குக்கு ஒருவரைப் பரிந்துரைக்கிறது. ரன் கணக்கோ சராசரியோ பார்க்காமல், ஊருக்கு என்ன செய்தாய் என்று கேட்டுக் கொடுக்கிற விருது.

பிட்ஸ்பர்க்கில் புது ஸ்டேடியம் கட்டியபோது அதற்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். பெயரைப் பணம் கொடுத்து வாங்கியது ஒரு வங்கி. ஆறுதலுக்கு, பக்கத்தில் அலெகெனி ஆற்றைக் கடக்கும் ஆறாவது தெருப் பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஆறுதல் பரிசுதான் அழகாக அமைந்தது. ஆட்டம் நடக்கும் நாள்களில் அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கிளமென்ட்டேயின் மேல் நடந்து மைதானத்துக்குப் போவார்கள். பாலம் முடியும் இடத்துக்கு அருகே அவர் சிலை. அதன் பீடத்தில் அவர் ஆடிய மூன்று மைதானங்களின் மண் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ரைட் ஃபீல்ட் சுவரின் உயரம் 21 அடி. 2025-ல் அந்தச் சுவரில் இருந்த ‘21’ சின்னத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரத்தை வைத்தது அணி நிர்வாகம். குடும்பம் பேசியது, ஊர் கொதித்தது. மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்ப வைத்தார்கள்.

சொந்தத் தீவிலும் இதே கதைதான். மூவாயிரமாவது ஹிட்டின் ஐம்பதாவது ஆண்டு என்று புவேர்ட்டோ ரிக்கோ அரசு வாகனப் பலகைகளில் அவர் உருவத்தைப் போட்டு, அதற்குக் கட்டணமும் வாங்கியது. எங்களைக் கேட்கவில்லை, பணம் எங்களுக்கு வருவதாக ஊரார் நினைக்கிறார்கள் என்று பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கௌரவம் செய்கிறவர்கள் கௌரவிக்கப்படுகிறவரைக் கேட்பதில்லை. அவர் கேட்டது வேறு. ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு நகரம் வேண்டும் என்று உயிரோடு இருந்தபோது சொல்லிக்கொண்டே இருந்தார். அரசு கொடுத்த 304 ஏக்கரில், பிறந்த ஊரான கரோலினாவில், அதை எழுப்பி நடத்தியவர் வேரா. இவான் ரொட்ரிகேஸ், ஹுவான் கொன்சாலெஸ் என்று அங்கே ஆடிப் பழகிய பிள்ளைகள் மேஜர் லீகில் ஜொலித்தார்கள். பிற்காலத்தில் பராமரிக்க ஆளில்லாமல் அது காடு மண்டியது. சிலைக்குக் கிடைக்கும் பணம் பிள்ளைகள் ஆடும் திடலுக்குக் கிடைப்பதில்லை.

42-ஐப் போல 21-ஐயும் எல்லா அணிகளும் ஒதுக்கி வைக்க வேண்டுமா? பைரேட்ஸ் 1973 ஏப்ரலிலேயே ஒதுக்கிவிட்டது. லீக் முழுக்க ஒதுக்க வேண்டும் என்று லத்தீன் வீரர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். அந்தக் கௌரவம் ஒருவருக்கு மட்டுமாக இருக்கட்டும் என்று ராபின்சனின் மகள் ஷாரன் 2006-ல் சொன்னார். நானும் ஒதுக்க வேண்டாம் என்ற கட்சிதான், காரணம் வேறு. 2020 செப்டம்பரில், கிளமென்ட்டே நாளன்று, பைரேட்ஸ் வீரர்கள் அத்தனை பேரும் 21 அணிந்து இறங்கினார்கள். மற்ற அணிகளில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோ வீரர்களும் அணிந்துகொண்டார்கள். பரணில் ஏற்றிய எண்ணைவிட அப்படி முதுகு முதுகாக ஓடுகிற எண் எனக்குப் பிடிக்கிறது.

கூப்பர்ஸ்டவுன் பட்டயத்தின் கதையை முடிக்காமல் விட்டேன். அந்தத் தப்புப் பெயர் இருபத்தேழு வருடம் சுவரில் இருந்தது. 2000-ல் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வார்த்து மாட்டினார்கள். ராபர்ட்டோ கிளமென்ட்டே வாக்கர். அப்பா பெயர் நடுவில், அம்மா பெயர் கடைசியில்.

(அடுத்த வாரம்: 4)