மதிலிலிருந்து 300 மீட்டர்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பேருந்து, செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டைக்கு நடுவே புகுந்து போகும். ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. உருட்டிவிட்டது போன்ற பாறைகளுக்கு மேலே மதில் ஏறி இறங்குகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். மயிலம், திண்டிவனம் வட்டாரத்துக்கே இது பெருமை. அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் வருகிறது: கோட்டையோரத்தில் குடிசையில் இருப்பவர் எங்கே வீடு கட்டுவது?

செஞ்சி உட்பட மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே ஒரு கல் நின்றாலும், அதைச் சுற்றி 300 மீட்டருக்கு வட்டம் போட்டால் ஏறக்குறைய 70 ஏக்கர் அதற்குள் வந்துவிடும். மலைமலையாக விரிந்த கோட்டைக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் பட்டா கையில் இருந்தாலும், மனை அந்த 100 மீட்டருக்குள் இருந்தால் புது வீட்டுக்கு வழியில்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் அனுமதியோடு பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். அடுத்த 200 மீட்டர் வெளிவட்டத்தில் என்றால் விண்ணப்பம் டெல்லியிலுள்ள தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் வரை போக வேண்டும். மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்துத்தான் உயரம் கணக்காகிறது. விடுதி கட்டுகிறவர் இதற்கு ஆள் வைத்து அலைவார். கூலி வேலைக்குப் போகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும்.

காவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியை மறைத்து நான்கு மாடி எழுந்துவிட்டால் அந்தக் காட்சி திரும்ப வராது. ஆனால் பத்துப் பன்னிரண்டு அடி உயர வீடு எந்த மலையை மறைக்கும்? வயல்வெளிப் பாறையில் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக்கும், மூன்று குன்றுகளை வளைத்த செஞ்சிக்கும் ஒரே 300 மீட்டர் என்பது பொருந்தாத அளவு. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனித் துணைவிதி வகுக்க வேண்டும் என்று அதே 2010 திருத்தம் சொல்கிறது. நாடு முழுக்க உள்ள 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இன்னும் வரவில்லை. இந்த 100, 300 மீட்டர் கணக்கை மறுபரிசீலனை செய்யும்படி 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் கூறியிருக்கிறது.

சிங்கப்பூர் தேக்காவில் வேறு வழி கண்டார்கள். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளை 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். தேக்கா சந்தையை ஒட்டியே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. எந்தத் தெரு தாழ்வாக இருக்க வேண்டும், எந்த மனை உயரலாம் என்பதைத் தெருத்தெருவாக வகுத்ததால் இரண்டுக்கும் இடம் கிடைத்தது.

செஞ்சிக்கான துணைவிதியிலும் சாலையிலிருந்து மலை தெரியும் கோடுகளைக் குறித்து, தாழ்ந்த வீட்டுக்கு உள்ளூரிலேயே விரைவாக அனுமதி தரலாம். அடுக்குமாடிகளைத் திண்டிவனம் பக்கம் ஊர் வளரும் திசையில் விடலாம். 100 மீட்டருக்குள் சிக்கியவருக்கு அருகிலேயே மாற்று மனை வேண்டும், பட்டாவோடு. விடுதிக்காரர்கள் நிலம் வாங்கி முடிப்பதற்குள் அது நடந்தாக வேண்டும்.