பூங்காவின் விலை என்ன?

படவேட்டில் வாழும் மாணவனுக்குப் பூங்கா ஒரு பெரிய பொருளாகத் தோன்றாது. மலையடிவாரமும் ஆற்றங்கரையும் தோப்பு நிழலும் அவனுக்குக் காசின்றிக் கிடைக்கின்றன. அருகிலுள்ள ஆரணியில், நாள் முழுதும் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து பட்டு நெய்பவரைக் கேளுங்கள். மாலையில் காலாற நடக்க ஒரு மரநிழல் எவ்வளவு தேவை என்று அவர் சொல்வார். வீடுகள் நெருங்கிய சென்னையிலோ அந்த நிழல் இன்னும் அரிது. அரிதான பொருளுக்கு விலை உண்டு அல்லவா? அப்படியானால் பூங்காவின் விலை என்ன?

விலையில்லாததால் வந்த இழப்பு

1859-இல் சென்னையில் மக்கள் பூங்கா உருவாயிற்று. அதன் பரப்பு 100 ஏக்கருக்கும் மேல். விலங்குக் காட்சிசாலையும் அங்கேதான் இருந்தது. பின்னர் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. கட்டடங்கள் ஒவ்வொன்றும் தேவையானவையே. ஆனால் பூங்காவுக்குக் கணக்கேட்டில் வருமானம் இல்லை. எனவே இடம் தேடுவோர் கண்ணுக்கு அது வெற்று நிலமாகவே பட்டது.

அளப்பது எப்படி?

சந்தையில் விற்காத பொருளை மதிப்பிடப் பொருளியல் அறிஞர்கள் மூன்று வழிகள் கண்டுள்ளனர்.

முதலாவது, பயணச் செலவு முறை. 1947-இல் அமெரிக்க அறிஞர் ஹரால்டு ஹோட்டலிங் இதனைக் கூறினார். நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும், பூங்காவுக்கு வருபவர் பஸ் கட்டணமும் நேரமும் செலவிடுகிறார். எவ்வளவு தொலைவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கிட்டால், அவர்கள் மனத்திலுள்ள மதிப்பு ஓரளவு தெரியும்.

இரண்டாவது, வீட்டு விலை. ஒரே அளவுள்ள இரு வீடுகளில் பூங்காவை அடுத்தது கூடுதல் விலை போனால், அந்த வேறுபாடு பூங்காவின் மதிப்பைக் காட்டும்.

மூன்றாவது, மக்களையே கேட்பது. "இந்தப் பூங்காவைக் காக்க ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்பது வினா.

இம்முறைகளில் ஒரு குறை உண்டு. பணமில்லாதவர் குறைவாகவே தருவதாகச் சொல்வார். ஆனால் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழும் அவருக்குத்தான் பூங்கா மிகவும் தேவை! காலையில் நடைப்பயிற்சி செய்பவர், நண்பகலில் மரத்தடியில் இளைப்பாறும் தொழிலாளி, மாலையில் ஊஞ்சலாடும் குழந்தை ஆகிய மூவரும் ஒரே பூங்காவை மூன்று விதமாகக் காண்கிறார்கள். ஒரு தொகையில் இம்மூன்றும் அடங்குமா?

மரம் செய்யும் வேலை

இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். இவ்வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து மரம் எடுத்துக்கொள்கிறது. அதோடு நிழலும் சேர்வதால் பூங்கா குளிர்கிறது. தார்ச்சாலையோ வெயிலை வாங்கி வைத்து இரவிலும் வெளிவிடுகிறது.

பச்சையைக் காண்பதும் பயன் தருகிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து, 1984-இல் முடிவை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கல் சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எண்ணிக்கை சிறிது என்றாலும், பின்வந்த பல ஆய்வுகளுக்கு இது வழிகாட்டிற்று.

பன்னிரண்டு ஆண்டுகள்

சென்னை ஷெனாய் நகரிலுள்ள திரு.வி.க. பூங்கா, மெட்ரோ ரயில் பணிக்காக 2011-இல் மூடப்பட்டது. 2017-இல் அதன் அடியில் ரயில் ஓடத் தொடங்கிற்று. பூங்கா மீண்டும் திறக்க 2023 ஆயிற்று. மூடிய ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, திறக்கும்போது பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். ரயிலும் மக்களுக்கு வேண்டியதே. ஆனால் பயணச் சீட்டை எண்ண முடிகிறது. விளையாடாமல் போன மாலைகளை யார் எண்ணுவது?

நீங்களும் அளக்கலாம்

உங்கள் ஊர்ப் பூங்காவையோ குளக்கரையையோ தேர்ந்தெடுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஒரு மணி நேரம் வருபவர்களை எண்ணுங்கள். இருபது பேரிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள்: எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறீர்கள்? எதற்காக வருகிறீர்கள்? இந்த இடம் இல்லாவிட்டால் எங்கே போவீர்கள்? மரநிழலிலும் சாலையோரத்திலும் வெப்பமானியை நேர்வெயில் படாமல் பிடித்து அளவு குறியுங்கள். அனைத்தையும் அட்டவணையாக்கி, ஆசிரியரிடம் காட்டியபின் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு படி அனுப்புங்கள். "அது வெற்று நிலம்தானே?" என்று நாளை யாரேனும் கேட்டால், எடுத்துக்காட்ட ஒரு கணக்கு இருக்கும்.