தராசின் இரண்டு தட்டுகள்

வீடு அடங்கிய இரவு நேரத்தில், பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்துப் பாருங்கள். தம்பூரா சுருதிபோல மெல்லிய ‘ம்ம்ம்’ ஒன்று கேட்கலாம். நொடிக்கு 50 முறை அலையடிக்கும் நம் வீட்டு மின்சாரம் பாட்டு வரும் பாதைக்குள் நுழைந்துவிட்டதன் அடையாளம் அது. ‘ஹம்’ என்பார்கள். பேலன்ஸ்டு கேபிளின் வேலை இந்த மாதிரி இரைச்சலை வெளியே நிறுத்துவது. ஒலிக்கு இனிமை கூட்டுவது அதன் வேலையே அல்ல.

யோசனை பழையது. தொடக்ககாலத் தொலைபேசிக்கு ஒற்றைக் கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வர மண்ணே வழி. தந்தியும், பின்னர் வந்த மின்சார டிராமும் அதே மண்ணைப் பயன்படுத்தியதால் பேச்சோடு அவற்றின் இரைச்சலும் வந்து சேர்ந்தது. திரும்பும் பாதைக்கும் ஒரு கம்பி போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும் முறைக்கு 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார்.

வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஆர்.சி.ஏ. இணைப்பு, பேலன்ஸ் இல்லாத வகை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக வலை. அந்த வலைக்கு இரண்டு வேலை: வெளியிரைச்சலைத் தடுக்க வேண்டும், சிக்னல் திரும்பும் வழியாகவும் இருக்க வேண்டும். தொல்லை இரண்டாவது வேலையில்தான். இரண்டு கருவிகளின் எர்த்தும் சற்றே வேறுபட்டால் வலையில் ஒரு கசிவு மின்னோட்டம் ஓடும். அது உண்டாக்கும் மின்னழுத்தம் பாட்டோடு நேரடியாகக் கலந்துவிடும்.

எவ்வளவு கலக்கும்? வலையின் மின்தடை 0.1 ஓம், கசிவு 1 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சேரும் இரைச்சல் 0.1 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். அதில் இது 20,000-இல் ஒரு பங்கு, காதுக்கு எட்டாது. ஆனால் கல்யாண மண்டப மேடையில் இருக்கும் மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். 5 என்றே கொள்ளுங்கள். இரைச்சல் 50-இல் ஒரு பங்காகிவிடும். மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே 30 மீட்டர் கேபிள் ஓடினால் வலையின் மின்தடையும் கூடும், நிலைமை இன்னும் மோசமாகும். மைக் செட்காரர்கள் மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். என்ற பேலன்ஸ்டு கேபிளையே எப்போதும் சுருட்டி வைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

எக்ஸ்.எல்.ஆரில் முதல் முள் வலைக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் சிக்னலுக்கு. வாங்கும் கருவி அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது, இரண்டு தட்டிலும் ஒரே அளவு நீர் சேர்கிறது, முள் அசைவதில்லை. ஒரு தட்டில் ஒரு பிடி அரிசி போட்டால் அது அரிசியை மட்டும் காட்டும்.

இரண்டு கம்பிகளிலும் எதிரெதிர் சிக்னல் போவதால்தான் இரைச்சல் அழிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு கம்பியில் சிக்னலே இல்லாவிட்டாலும் இரைச்சல் அழியும், இன்னொரு தட்டு காலியாக இருந்தாலும் தராசு ஏமாறாததுபோல. தட்டுகள் இரண்டும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கம்பிகளும் எர்த்துக்கு ஒரே மின்மறுப்பைக் காட்ட வேண்டும் என்பது அதன் பொருள்.

வீட்டுக்கு எது? ஒரு மீட்டர் தூரத்தில் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் இருந்து, ஹம் எதுவும் இல்லையென்றால், நன்றாகச் செய்த சாதாரண ஆர்.சி.ஏ. கேபிளே போதும். ஹாலின் எதிர்மூலைக்கு ஐந்து, பத்து மீட்டர் ஓட்ட வேண்டுமென்றால், அல்லது கணினியோடு ஆக்டிவ் ஸ்பீக்கர்களை இணைப்பதென்றால், இரு கருவியிலும் வசதி இருக்கும்போது பேலன்ஸ்டு பக்கம் போங்கள். கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பல பிளேயர்கள் எக்ஸ்.எல்.ஆர். வழியே இரண்டு மடங்கு, அதாவது 4 வோல்ட் தரும். 6 டெசிபல் கூடுதல். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாகத் தோன்றும். வால்யூமைச் சமன் செய்யாத ஒப்பீடு வீண். வெளியே எக்ஸ்.எல்.ஆர். துளை வைத்துவிட்டு, உள்ளே பேலன்ஸ் இல்லாத சர்க்யூட்டே உள்ள கருவிகளும் விற்பனையில் உண்டு.

ஹம் ஏற்கெனவே இருந்தால், கேபிள் வாங்கும் முன் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். பிறகு டி.வி.க்கு வரும் கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றுங்கள். அந்த வயரின் வலை வேறோர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பது பல வீடுகளில் காரணமாக இருக்கிறது. பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருநாளும் ஒடிக்காதீர்கள். ஹம் போகலாம், உயிருக்கான காப்பும் போய்விடும்.

பிளேயரில் ஆர்.சி.ஏ., ஆம்ப்ளிஃபயரில் எக்ஸ்.எல்.ஆர். என்றால் இரு கம்பியும் வலையும் உள்ள கேபிளை எடுங்கள். ஒரு கம்பி ஆர்.சி.ஏ.யின் நடுமுனையிலிருந்து இரண்டாம் முள்ளுக்கு. இன்னொன்று ஆர்.சி.ஏ.யின் வெளிவளையத்திலிருந்து மூன்றாம் முள்ளுக்கு. வலை அதே வளையத்திலிருந்து முதல் முள்ளுக்கு. சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் அரைமணி நேரத்தில் செய்து தருவார். கசிவு மின்னோட்டம் வலையோடு போய்விட, பாட்டு இரு கம்பிகளில் வந்து சேரும்.