பிடி தளரும் இடம்

பலசாலி ஒருவன் மெலிந்தவர் ஒருவரின் மணிக்கட்டைப் பற்றிவிட்டால், பற்றப்பட்டவருக்கு இனிக் கதியில்லை என்றே நம்மில் பலர் கருதுகிறோம். ஆயினும், மனித சரீரத்தின் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குவோமானால், எத்தனை உறுதியான பிடியிலும் பலவீனமான இடம் ஒன்று இருப்பதையும், அதை அறிந்து பழகியவர் தப்புவதற்கு வழி உண்டு என்பதையும் காணலாம்.

பற்றுகின்ற கையைக் கவனியுங்கள். நான்கு விரல்கள் ஒரு புறமாக வளைந்து கவ்வ, மறுபுறத்தில் கட்டைவிரல் ஒன்றே தனித்து நிற்கிறது. பிடிபட்டவர் பீதியுற்றுக் கையை நேரே பின்னுக்கு இழுக்கும்போது, முன்கையின் வலிய தசைகளால் இயங்கும் அந்த நான்கு விரல்களோடுதான் மல்லுக்கு நிற்கிறார். அதற்கு மாறாக, கட்டைவிரல் நுனி மற்ற விரல்களைச் சந்திக்கும் இடைவெளிக்கு நேராகத் தம் மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பைத் திருப்பி, ஓரடி முன்வைத்து, முழங்கையை எதிரியின் முன்கைக்கு அருகே கொண்டுபோய் மடக்கி, கையைத் தம் தோளை நோக்கிச் சடாரென்று உயர்த்துவாரேயானால், நெம்புகோல் தத்துவத்தின்படி, தோளும் முதுகும் இடுப்பும் சேர்ந்த பலம் முழுவதும் அந்த ஒற்றை விரலின்மீது பாய்கிறது, பிடி நழுவுகிறது.

பின்னாலிருந்து ஒருவன் கட்டிப் பிடிக்கும்போதும் பிடிபட்டவருக்கு விஞ்ஞானம் துணை நிற்கிறது. அவர் கால்களை அகல ஊன்றி, முழங்கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும்போது, புவியீர்ப்பு மையம் கீழிறங்குவதால், அவரைத் தூக்குவதும் இழுத்துச் செல்வதும் கடினமாகின்றன. கழுத்து நெரிபடும்போதோ தாமதத்துக்கு இடமே இல்லை. மூளைக்குச் செல்லும் ரத்தம் தடைப்பட்டால் சுமார் 10 விநாடிகளிலேயே பிரக்ஞை தப்பிவிடலாம் என்பதால், மோவாயைத் தாழ்த்தி, இரு கைகளாலும் நெரிக்கும் கையைக் கீழே இழுத்துக் கழுத்தைக் காப்பதே முதற்காரியம்.

ஐந்தடி உயரங்கூட இல்லாத எடித் காரட் என்ற ஆங்கில மாது, 1913-இல், வாக்குரிமை கோரிப் போராடிய ஸ்திரீகளின் மெய்காப்புப் படைக்கு ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜுத்ஸுவைக் கற்பித்து, ஆஜானுபாகுவான போலீசாரையும் சமாளிக்கச் செய்தார். நம் காலத்தில், கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளைக் கொண்டு நடைபெற்று 2015-இல் வெளியான ஆய்வில், 12 மணி நேரப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்களுள் ஓராண்டுக்குள் பாலியல் வன்புணர்ச்சிக்கு ஆளானோர் 100-க்கு 5.2 பேர், ஏனையோருள் 9.8 பேர். ஆபத்தை முன்கூட்டி உணர்தல், அறிமுகமானவரையும் தயங்காது எதிர்த்தல், உடலால் தற்காத்தல் ஆகிய மூன்றும் அப்பயிற்சியில் சேர்ந்திருந்தன.

அச்சம் மேலிடுகையில் நுட்பமான அசைவுகள் கைகூடா. எளிய சில அசைவுகளை, நம்பிக்கையான துணையோடு, திரும்பத் திரும்ப அப்பியாசம் செய்திருந்தால்தான் அவை தக்க தருணத்தில் உதவும். அப்பியாசம் இருந்தும் திகைப்பில் அசைவற்று நின்றுவிடுபவர் உண்டு. அது சரீரத்தின் இயல்பேயன்றி அவர் குற்றமன்று. எதிரியை வெல்வது இங்கு நோக்கமன்று; பிடியிலிருந்து விடுபட்டு, உரக்கக் கூவி, ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு ஓடுவதே நோக்கம். நீச்சலைக் கற்பிப்பது அவசியம் என்று எண்ணும் பெற்றோரும் ஆசிரியர்களும், இந்தச் சிறு வித்தையையும் நம் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் இளமையிலேயே கற்பிக்க முன்வர வேண்டும்.