முதியோர் கைக்கும் தோளுக்கும் வலிமை

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் இன்று எழுபது வயதைக் கடந்து வாழ்வோரில் பலர், இளமையில் ஏற்றம் இறைத்தும், நெற்கட்டுகளைச் சுமந்தும், உரலில் உலக்கை கொண்டு குத்தியும் வளர்ந்தவர்கள். தேகப்பயிற்சி என்று தனியே ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பம்புசெட்டும் அரைவை ஆலையும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அவ்வுழைப்புக் குறைந்தது. அது வரவேற்கத்தக்கதே, முதுகு ஒடிய உழைத்த நாட்களை மீண்டும் அழைப்பார் யாருமில்லை. ஆயினும், அவ்வுழைப்போடு தோளும் கையும் பெற்றுவந்த பயிற்சியும் போய்விட்டதை நாம் கவனிக்கத் தவறலாகாது.

குடத்தை இடுப்பில் ஏற்ற இயலாமை, துணியைப் பிழிய இயலாமை, பேருந்துக் கம்பியைப் பற்றி ஏறத் தயங்குதல் ஆகியவை முதலில் தோன்றும் அறிகுறிகள். இவற்றை ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட, வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு இது சிறு செய்தியன்று. கட்டிலிலிருந்து கையூன்றி எழும் வலிமை உள்ளவரைதான் அவர் தம் வீட்டில் தாமே உலை வைத்து வாழ முடியும்.

முப்பது வயதுக்குப் பின் மனிதனின் தசை சிறுகச் சிறுகக் குறைகிறது. அறுபதுக்குமேல் அக்குறைவு விரைவுபெறுகிறது. ஆனால் தசை எவ்வயதிலும் பயிற்சிக்கு இணங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்த சோதனை 1990-இல் வெளியாயிற்று. பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. அச்சோதனை கால்களுக்குரியது, மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது. எனினும் கைத்தசைக்கும் இயற்கை வேறு விதி வகுக்கவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைவலிமைப் பயிற்சி செய்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகிறது.

இதற்குச் செலவு ஏதுமில்லை. சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, இரு உள்ளங்கைகளையும் மார்பின் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மெல்லச் சுவரை அணுகி, பின் தள்ளி நிமிர வேண்டும். இளைஞர் தரையில் எடுக்கும் தண்டாலை முதியவர் சுவரில் எடுக்கிறார் என்று கொள்க. அடுத்து, கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோரம் நகராமல் வைத்து, அதில் அமர்ந்து, இரு பிடிகளையும் அழுத்தி உடலைச் சற்றே உயர்த்தி இறக்க வேண்டும். முழுதும் எழ வேண்டுவதில்லை. கைகள் பாரத்தை உணர்ந்தாற் போதும். மூன்றாவதாக, அரை லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி, அமர்ந்தபடியே முழங்கையை மடக்கித் தோள்வரை தூக்கி இறக்கலாம். நிறைந்த பாட்டில் ஏறத்தாழ அரைக் கிலோ. இயலாதவர் பாதி நீரோடு தொடங்கலாம். பழகியபின் மணல் நிரப்பினால் எடை ஒன்றரை மடங்காகும். நனைத்த துண்டை முறுக்கிப் பிழிவது விரல்பிடிக்கு நல்லது.

ஒவ்வொன்றையும் எட்டு அல்லது பத்து முறை, சற்று இளைப்பாறி மறுபடியும் ஒரு சுற்று செய்யலாம். கடைசி இரண்டு முறை சற்றே சிரமமாக இருத்தல் வேண்டும்; சிரமமே இல்லையெனில் பயனும் குறைவு. தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. வெளியே விட வேண்டும். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. கர்லாக்கட்டை சுழற்றிய மூத்தவர்கள் மதுரையில் இல்லாமலில்லை. ஆனால் தளர்ந்த உடம்பினர் அதில் தொடங்குவது ஆகாது.

மதுரையில் 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, இளமையிலேயே கடும் மூட்டுவாத நோயால் விரல்கள் கோணியவர். அவர் இடைவிடாது பழகி, அதே விரல்களால் அறுவைக் கத்தியைப் பற்றிப் பல்லாயிரவருக்குக் கண்ணொளி தந்தார். அவர் நோய் வேறு, முதுமைத் தளர்ச்சி வேறு. எனினும் பழக்கத்தின் ஆற்றலுக்கு நம் ஊரிலேயே உள்ள சான்று அது.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை எடை தூக்கலாகாது. நெஞ்சுவலி, மயக்கம், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், அண்மையில் எலும்பு முறிவு உடையோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி உதவி நாட வேண்டும்.

சோறும் இரசமும் மட்டும் உண்டு தசை வளராது. 45 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 45 முதல் 54 கிராம் புரதம் நலம் என்பர் வல்லுநர். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு; பருப்பு, சுண்டல், நிலக்கடலை, பால், மீன் ஆகியவற்றால் மீதியை ஈடுசெய்யலாம். சிறுநீரக நோயுள்ளவர் அளவை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியது எளிது. சாவடியிலோ பள்ளித் திண்ணையிலோ, வெயில் ஏறுமுன், நான்கு நாற்காலிகளோடு வாரம் இருமுறை முதியோரைக் கூட்டலாம். மகளிர் குழுவினர் பொறுப்பேற்றால் பாட்டிமார் கூச்சமின்றி வருவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும்; படுக்கையிலேயே இருப்போருக்கு அதனைக் கேட்டுப் பெறலாம். வருவோர் சுவர்த்தண்டாலை முதல் நாள் எத்தனை முறை செய்தனர் என்பதை ஒரு நோட்டில் குறித்து, எட்டு வாரம் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம். இருமுறை தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு ஒருவர் சென்று விசாரித்து வரவும் அந்நோட்டு உதவும்.