கிலோவுக்கு ஓர் அணா: மரக்காணம் உப்பளங்கள் சொல்லும் கணக்கு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் தாண்டியதும் கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலையும் அதைச் சுற்றி நிற்கும் காட்டையும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து மரக்காணம் பக்கம் போகப் போக நிலத்தின் நிறம் மாறும். சவுக்கும் மணிலாவும் நின்று, பாத்தி பாத்தியாக வெள்ளை தெரியும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் உப்பு பூமி இது.

உப்பையும் விளைச்சல் என்றுதான் இங்கே சொல்வார்கள். தப்பில்லை. பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சேற்றை அள்ளி, வரப்பு போட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குகிறார்கள். உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி ஏற்றிக் காய வைக்கிறார்கள். படிந்த உப்பை வாருபலகையால் வாரி அம்பாரம் குவிக்கிறார்கள். நாற்றங்காலுக்குச் சேறு அடித்துப் பழகிய உங்களுக்கு இந்த வேலையின் கனம் சொல்லாமலே புரியும்.

இப்போது இந்தத் தாளில் உப்பைப் பற்றி எதற்கு என்று கேட்கலாம். உங்கள் மாட்டுத் தொழுவத்துக்கும் விதைநெல் தொட்டிக்கும் ஒரு காலத்தில் பூட்டு போட்டது இந்த உப்பின் மீது விழுந்த வரிதான்.

தென்னார்க்காடு 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. நான்கே ஆண்டில், 1805இல், சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனியின் ஏகபோகமாக்கிச் சட்டம் வந்தது. அதன்படி அளக்காரர் உப்பு விளைவிக்கலாம், ஆனால் விற்க முடியாது. விளைந்தது எல்லாம் அரசுக் கொட்டாரத்துக்குப் போக வேண்டும். விளைவித்தவருக்குக் 'குடிவாரம்' என்று ஒரு தொகை கொடுப்பார்கள். அரசு வெளியே விற்ற விலையில் அது ஒரு சிறு பங்குதான். நிலத்தில் மேல்வாரம், குடிவாரம் என்று பிரித்த பழைய சொல்லையே உப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள். சொல் பழையது, கணக்கு புதியது.

ஏன் உப்பு? கம்பெனிக்குப் படை நடத்தவும், லண்டனில் பங்குதாரர்களுக்குக் கொடுக்கவும் பணம் வேண்டும். நிலவரி, மழை பொய்த்தால் பொய்க்கும். உப்பு அப்படியல்ல. கஞ்சி குடிப்பவனும் உப்பு போட்டுத்தான் குடிக்க வேண்டும். 1844இல் உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளை எடுத்தபோது அந்த வருமான இழப்பை ஈடுகட்ட அதிகாரிகள் கை வைத்ததும் உப்பு விலையில்தான்.

கீழ்புத்துப்பட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. தெற்கே கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சு எல்லை. அங்கே உப்பு மலிவாக விளைந்தால் இங்கே ஏகபோகம் நிற்காது. நெப்போலியன் போர்கள் முடிகிற நேரத்தில், 1815இல், லண்டனில் உடன்படிக்கை போட்டார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு. பதிலுக்கு பிரெஞ்சுப் பகுதி உப்பு பிரிட்டிஷார் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1818இல் போட்ட ஒப்பந்தத்தில் புதுச்சேரி, காரைக்கால் உப்பளங்களையே மூடச் செய்து, அளம் வைத்திருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 வராகன் இழப்பீடு என்று எழுதிக்கொண்டார்கள். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதுச்சேரிக்காரர் பிரிட்டிஷ் உப்பை விலைக்கு வாங்கினார். பாத்தி மிதித்துப் பிழைத்த கூலியாளுக்கு என்ன கிடைத்தது என்று அந்த ஒப்பந்தத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. இதே பிரான்ஸ்தான் 1790இல், புரட்சிக் காலத்தில், தன் சொந்த மக்களின் உப்பு வரியைத் தூக்கி எறிந்தது. நெப்போலியன் 1806இல் திரும்பக் கொண்டுவந்தார் என்பது வேறு கதை.

அடுத்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பஞ்ச நிவாரண வேலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். இது உயிர் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த கால்வாய்த் துண்டை வெட்டியது பஞ்சத்தில் அடிபட்டவர்கள்தான். அந்தக் கால்வாய்தான் கவர்னர் பக்கிங்ஹாம் பெயரைத் தாங்கி, ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்து மரக்காணத்தில் முடிகிறது. இந்தக் கரையின் உப்பு அதில் படகேறிச் சென்னைக்குப் போனது.

அந்தப் பஞ்சம் அடங்குவதற்குள், 1878இல், சென்னை மாகாண உப்பு வரி மணங்குக்கு ஒரு ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. வடக்கே வரியைக் குறைத்து, நாடு முழுக்க ஒரே அளவை நெருங்கவும், வட இந்தியாவில் உப்புக் கடத்தலைத் தடுக்க வளர்த்திருந்த நீண்ட முள்வேலியை எடுக்கவும் இந்த ஏற்பாடு. அங்கே குறைத்ததை இங்கே ஏற்றினார்கள். மணங்கு என்றால் சுமார் 37 கிலோ. 2 ரூபாய் 8 அணா என்றால் 40 அணா. கிலோவுக்கு ஓர் அணாவுக்கும் சற்று மேல், வரி மட்டும். பஞ்சக் கூலியில் காசாகக் கிடைத்த அந்த ஓர் அணா, ஒரு கிலோ உப்பின் வரிக்கே போதவில்லை.

மாட்டுக்கு வருவோம். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 30 கிராம் உப்பு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்குப் பதினோரு கிலோ. அந்த வரியில் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 12 அணா. இரண்டு ஏர் மாடு, ஒரு பசு வைத்திருந்தவருக்கு 2 ரூபாய்க்கு மேல். யார் கொடுத்திருப்பார்கள்? மனிதர் வாய்க்கே அளந்து போட்ட காலம் அது. மீனவர்கள் கருவாட்டுக்கு உப்பில்லாமல் உவர்மண்ணைத் தேய்த்தார்கள், மீன் கெட்டது. கடைசியில் அரசே வரியில்லா உப்பு கொடுக்கும் மீன் பதனிடும் நிலையங்களைக் கரையோரம் திறக்க வேண்டியதாயிற்று. மாட்டுக்கு அப்படி யாரும் திறக்கவில்லை.

1889ஆம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கியது. கழுவேலி போன்ற உவர் நிலங்களில் கோடையில் தானாகவே உப்பு பூக்கும். அதை அனுமதியின்றி அள்ளுவதும் குற்றம், உவர்மண்ணிலிருந்து உப்பு எடுப்பதும் குற்றம். தானாக விளைந்த உப்பைச் சிப்பந்திகள் அழித்துவிட்டுப் போவார்கள். உள்மாவட்டங்களில் மண் உப்பு காய்ச்சிய குடும்பங்களின் தொழில் இப்படித்தான் முடிந்தது.

பொதிமாட்டில் உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியம் மாற்றி வந்த குறவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சங்க காலத்து உமணர் நடந்த அதே தடத்துத் தொழில். உப்பு ஏகபோகமும், பிறகு ரயிலும் அவர்கள் பிழைப்பைப் பறித்தன. தொழில் போய் ஊர் ஊராக அலைந்தவர்களைப் பிரிட்டிஷ் அரசு 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்து உப்பு வாங்கியது அவர்களிடமாகவும் இருக்கலாம்.

1930 ஏப்ரலில் தண்டி, அதே மாதம் 30ஆம் தேதி ராஜாஜி தலைமையில் வேதாரண்யம். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகங்கள் வேகமாகக் கடந்துவிடும் ஒன்று, 1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின் உப்புப் பிரிவு. உப்பு கிடைக்கும் ஊர்க்காரர்கள் வீட்டுக்கும் ஊருக்குள் விற்கவும் எடுத்துக்கொள்ளலாம், வெளியூரில் விற்கக் கூடாது. வரி மொத்தமாகப் போனது 1947இல்தான்.

வரி போனது, நிலம் திரும்பி வரவில்லை. உப்பு இன்றும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மரக்காணத்தில் மத்திய அரசு நிலமும் உண்டு, மாநில அரசு நிலமும் உண்டு. குத்தகை எடுத்தவர் ஒருவர், பாத்தியில் இறங்குபவர் இன்னொருவர். கோடையில் ஒரு நல்ல மழை பெய்தால் நமக்கு மகிழ்ச்சி, அங்கே பாத்தி கரைந்து முதலிலிருந்து வேலை. அதற்குப் பயிர்க் காப்பீடு கிடையாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையே இல்லை. 2022இல் தமிழக அரசு அறிவித்த மழைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். மரக்காணம் ஒன்றியத்தில் வேலை பார்க்கும் வேளாண் உதவி அலுவலர்கள் கிராமக் கூட்டங்களில் பட்டா, ஆதார் கேட்கும்போது, வீட்டில் உப்பளத்துக்குப் போகிறவர் இருக்கிறாரா, பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். சம்பா நடவுக்கு வருகிறவரும் கோடையில் உப்பு வாருகிறவரும் பல வீடுகளில் ஒரே ஆள்.

இந்தப் பட்டத்துக்கு விதைநெல் தேர்வு செய்யும்போது 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கல் உப்பைக் கரையுங்கள். நல்ல முட்டையைப் போட்டால் அதன் மேல்பாகம் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு. விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள், இல்லாவிட்டால் முளைப்பு பாதிக்கும். மீதமாகும் உப்புக் கரைசலை வரப்பிலோ வயலிலோ ஊற்ற வேண்டாம்.