₹4,500-க்கு ஒரு மரப் பேனா: ஆசையா, செலவா, முதலீடா?



எங்க ஆபீஸ்ல ஆர்டிகிள்ஷிப் பண்ற ஒரு பையன், என் மேசையில இருந்த மரப் பேனாவைப் பார்த்துட்டு கேட்டான்: "மேடம், இது மாதிரி பேனா நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா?" இல்லைன்னு உடனே சொல்லிட்டேன். அப்புறம் ஏன் வாங்கினீங்கன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

இந்தப் பேனா எங்கிருந்து வந்தது?

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம். பூ, தென்னை, பலா, இதுதான் எங்க பக்கத்து வருமானம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. விடிஞ்சு பார்த்தா தோப்பே படுத்துக் கிடந்தது. தென்னைக்கு, மரத்தை அப்புறப்படுத்தும் செலவும் சேர்த்து, மரத்துக்கு ₹1,100 நிவாரணம்னு அரசு அறிவிச்சது. ஒரு கன்று வச்சு அது காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும்னு யோசிச்சா, அந்த இழப்பு எவ்வளவு பெரிசுன்னு புரியும்.

எங்க வீட்டுப் பின்னாடி இருந்த பலாவும் விழுந்துடுச்சு. ஊர் முழுக்க மரம் கிடந்ததால வியாபாரி சொன்னதுதான் விலை. அப்பா வாங்கிக்கிட்டு அனுப்பிட்டார். ஒரே ஒரு கிளைத் துண்டை மட்டும் பரண்ல தூக்கிப் போட்டு வச்சிருந்தார். சில வருஷம் கழிச்சு அதை ஒரு கடைசல் பட்டறையில கொடுத்துப் பேனாவா கடைஞ்சு வாங்கினேன். ஜெர்மன் நிப்பு, கன்வர்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து ₹4,500.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்

சம்பளம் வாங்க ஆரம்பிச்ச புதுசுல, ₹12,000-க்கு ஒரு வெளிநாட்டு மெட்டல் பேனாவை கிரெடிட் கார்டுல வாங்கி, மினிமம் டியூ மட்டும் கட்டிட்டிருந்தேன். இன்றைய கணக்குல ஒரு உதாரணம் பாருங்க:

- பாக்கி ₹12,000, வட்டி மாதம் 3.5% = ₹420
- வட்டி மேல் ஜிஎஸ்டி 18% = ₹75.60
- மினிமம் டியூ 5% = ₹600

நீங்க ₹600 கட்டினா அசல்ல கழியறது சுமார் ₹104 மட்டும்தான்! மத்தது வட்டிக்கும் வரிக்கும் போயிடும். இதுல கொடுமை என்னன்னா, அந்தப் பேனாவைக் கழுவாமலேயே டிராயர்ல போட்டு வச்சு, மை காய்ஞ்சு அடைச்சுப்போச்சு. கடன் முடியறதுக்கு முன்னாடியே பேனா முடிஞ்சிடுச்சு.

நேர்மையான கணக்கு

மரப் பேனா ₹4,500. மைக்கு வருஷம் ₹300. பத்து வருஷத்துக்கு ₹7,500. ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. கேட்க நல்லா இருக்கு இல்ல? ஆனா ₹10 பால்பாயின்ட் பேனா மாசம் இரண்டு வாங்கினாலும் பத்து வருஷத்துக்கு ₹2,400-தான். அதே ₹4,500-ஐ 12% வளர்ச்சி கிடைக்கும்னு வச்சுக்கிட்டு முதலீடு பண்ணினா, பத்து வருஷத்துல சுமார் ₹14,000. அதனால "இது சிக்கனம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது ஆசைச் செலவு. ஆசைச் செலவு தப்பில்லை, அதுக்கு முதலீடுன்னு பேர் வைக்கறதுதான் தப்பு.

பில்லைக் காட்டி வரி குறைக்கலாமான்னும் கேட்காதீங்க. சம்பளக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மட்டும்தான். பேனாவுக்குன்னு தனியா எதுவும் கழிக்க முடியாது.

என் விதி மூணு: கார்டுல பாக்கி இருக்கக்கூடாது. எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கணும். மாசம் ₹1,500 வீதம் மூணு மாசம் சேர்த்துட்டுத்தான் வாங்கணும். மூணாவது மாசமும் ஆசை இருந்தா வாங்குங்க. இல்லைன்னா ₹4,500 மிச்சம்!

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

கையால் கடைஞ்ச பேனா நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. ராஜமுந்திரியில கே.வி. ரத்னம் 1930-களிலேயே சுதேசிப் பேனா செய்து காந்திக்கு அனுப்பினார். காந்தியும் 1935-ல் பாராட்டிக் கடிதம் எழுதினார். நம்ம திருவள்ளூர்ல ரங்கா பேனாக்களை இன்னைக்கும் கையால்தான் கடையறாங்க. இவங்க அதிகம் பயன்படுத்தறது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கின ரப்பர். அது மைக்கு அசராது. மரம் அப்படி இல்லை. அதனால கவனமா பாருங்க:

1. உள்பக்கம்: மரம் வெளியே மட்டும் இருக்கணும். கழுத்து, மூடியின் உள்பக்கம், மரை எல்லாம் மெட்டல், எபோனைட் அல்லது பிளாஸ்டிக்கா இருக்கணும். கட்டைக்குள்ள நேரடியா மை ஊத்தற மாதிரி இருந்தா வேண்டாம். மை மரத்துல ஊறிடும். கன்வர்ட்டர் வகைதான் பாதுகாப்பு.

2. மரம் காய்ந்ததா? ஈர மரத்தைக் கடைஞ்சா பின்னாடி சுருங்கி வெடிக்கும். எத்தனை வருஷம் நிழல்ல காய்ஞ்சதுன்னு கேளுங்க.

3. மேல்பூச்சு: எண்ணெய், மெழுகு பூசினா மரத்தைத் தொடற உணர்வு இருக்கும், ஆனா அப்பப்ப திரும்பப் பூசணும். பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா அது பெரும்பாலும் சயனோஅக்ரிலேட், நம்ம ஃபெவிக்விக் வகைப் பசை. கடைசல்காரங்க இதை "சி.ஏ. ஃபினிஷ்"னு சொல்றாங்க. சிரிக்காதீங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை!

4. நிப்பு: ஸ்டீல் நிப்பு போதும். தங்க நிப்புக்கு விலை பல மடங்கு. கழற்றி மாத்தக்கூடிய நிப்பான்னு மட்டும் கேளுங்க.

5. பில்: செம்மரமும் ஈட்டியும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கற மரங்கள். அந்த மரத்துல பேனான்னு சொன்னா பில் இல்லாம வாங்காதீங்க.

பராமரிப்பு: மாசம் பத்து நிமிஷம்

- நாலு வாரத்துக்கு ஒரு தடவை கழுத்துப் பகுதியை மட்டும் கழற்றி, சாதாரண தண்ணியை உறிஞ்சி வெளியேத்துங்க. நிறம் போகிற வரை செய்யணும். வெந்நீர் வேண்டாம். மரப் பகுதியைத் தண்ணில ஊறப்போடவே கூடாது.
- மை சிந்தினா உடனே துடைங்க. மரத்துல கறை ஏறினா போகாது.
- வெயில்ல நிறுத்தின கார், பைக் பெட்டி, ஏசி காத்து நேரா அடிக்கற இடம், மூணுமே மரத்துக்கு ஆகாது.
- இரண்டு வாரத்துக்கு மேல எழுத மாட்டீங்கன்னா மையைக் காலி பண்ணி, கழுவி, காயவச்சு எடுத்து வைங்க.
- செக், பத்திரம் எழுதும்போது தண்ணியில கரையாத மை போடுங்க. ஆனா அந்த வகை மை சீக்கிரம் அடைச்சுக்கும், அடிக்கடி கழுவணும்.

அப்பா சொன்ன கணக்கு

பேனாவை ஊருக்கு எடுத்துட்டுப் போய் அப்பா கையில கொடுத்தேன். புதுப் பலாக் கட்டை மஞ்சளா இருக்கும், போகப்போகப் பழுப்பாகும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவும்மா ஆச்சு?"

"நாலாயிரத்து ஐந்நூறுப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. "நம்ம மொத்த மரத்துக்கே வியாபாரி அவ்வளவு தரலையேம்மா" என்றார். அப்புறம் அவரே சிரிச்சுட்டு, "மரமா நின்னப்ப அது நமக்குக் குடுத்துச்சு. இனி இதுக்கு நீதான் மை வாங்கிக் குடுக்கணும்" என்றார்.

சொத்துக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பரீட்சைக்காகப் படிச்சேன். அதை இவ்வளவு சுருக்கமா எந்தப் பாடத்திலயும் பார்க்கலை. இது செலவுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். கடன் இல்லாம வாங்கினேன். அதனால ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் பில் ஞாபகம் வர்றதில்லை, வீட்டுப் பின்பக்கம்தான் ஞாபகம் வருது.

நீங்க அடுத்து வாங்க நினைக்கறது பேனாவோ, ஹெட்போனோ, வாட்சோ, எதுவா இருந்தாலும் இன்னைக்கே அதன் விலையை மூணா வகுத்து, முதல் பங்கை எடுத்து வைங்க. மீதியை அடுத்த இரண்டு மாசம் பார்த்துக்கலாம்.